தலைவளையம் அணியும் வரை: 'எ சைனீஸ் ஒடிசி' குறித்த நாட்குறிப்பு

11 சனவரி 2025

ஜெஃப்ரி லாவ் இயக்கி ஸ்டீஃபன் சௌ நடித்த 'எ சைனீஸ் ஒடிசி' படத்தின் முதல் பாகத்தை இன்று பார்த்தேன். 1995ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டையொட்டி ஹாங்காங்கில் ஒரே கதையை இரண்டாகப் பிரித்து, இரு வார இடைவெளியில் திரையிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டின் 'மேற்குப் பயணம்' என்னும் நூறு அத்தியாயச் சீனப் பெருங்கதையிலிருந்து குரங்கு அரசன் சூன் வூகோங், அவனுடைய குருவான துறவி முதலானோரை எடுத்துக்கொண்டு, மூலத்தில் எங்கும் இல்லாத ஒரு காதல் கதைக்குள் அவர்களைத் தள்ளிவிட்டிருக்கிறார் லாவ்.

பாலைவனத்தில் கொள்ளைக் கூட்டத் தலைவனாகத் திரியும் ஜோக்கருக்கு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பிறவியில் தானே அந்தக் குரங்கு அரசன் என்பது தெரியாது. படத்தின் பெரும்பகுதி கூத்துதான். இடுப்புக்குக் கீழே அவனுக்குத் தீப்பற்றிக்கொள்ள, கூட்டாளிகள் பதறி ஓடிவந்து மாறி மாறி மிதித்தே அணைக்கிறார்கள். இவ்வகை நகைச்சுவை பிடிக்காதவர்கள் பாதியிலேயே எழுந்துவிடக்கூடும். எழுந்துவிடக் கூடாது என்பேன். தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் காதலி பாய் ஜிங்ஜிங்கைக் காப்பாற்றுவதற்காக, நிலவொளியில் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் மாயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் திரும்பத் திரும்ப ஓடி, ஒவ்வொரு முறையும் சற்றே தாமதமாக வந்து சேரும்போது, அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே அவசரமும் அதே தடுமாற்றமும் நெஞ்சை அடைக்கின்றன. நடிப்பில் சௌ எதையும் மாற்றிக்கொள்வதில்லை; ஓட்டம் அதே ஓட்டம்தான்.

14 சனவரி 2025

குரங்கு அரசனின் குருவான துறவியைப் பற்றி மட்டும் இன்று எழுதுகிறேன். ஹாங்காங்கின் பேச்சுமொழியான கான்டனீஸின் இசை நாடக மரபிலிருந்து வந்த லோ கா-யிங், வாய் ஓயாத ஒரு மனிதராக அவரை ஆக்கியிருக்கிறார். மாயப் பெட்டியைத் தூக்கி எறிந்ததற்காகச் சீடனைக் கடிந்துகொள்ளும்போது, அது குழந்தைகள்மேல் பட்டால் என்னாகும், குழந்தைகள்மேல் படாவிட்டாலும் செடிகொடிகள்மேல் பட்டால் அதுவும் தவறுதானே என்று நீட்டிக்கொண்டே போகிறார். கருணையே வடிவான போதிசத்துவர் குவான்யின்கூடப் பொறுமையிழந்து அவர் கழுத்தைப் பிடிக்கக் கை நீட்டுகிறார். பூதங்களுக்கும் தாய் உண்டு என்று அவர் செய்யும் உபதேசத்தைத் தாங்க முடியாமல், காவலுக்கு நின்ற பூதம் தன்னைத்தானே மாய்த்துக்கொள்கிறது.

இந்தத் துறவிக்கு மூலமானவர் நாம் பள்ளிப் பாடத்தில் படித்த யுவான் சுவாங். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்களின் காஞ்சிபுரம் வரை வந்து, அங்கே நூறளவில் விகாரைகளும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகக் குறித்துவைத்தவர். அப்பேர்ப்பட்ட அறிஞரை இப்படிக் காட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்: படத்தில் அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. குரங்கைக் காப்பாற்றத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தவரும் அவரே. கேட்பவனுக்குத்தான் இன்னும் காது திறக்கவில்லை.

18 சனவரி 2025

முதல் பாகம் நகைச்சுவை, இரண்டாம் பாகம் சோகம் என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. என் கட்சிக்கு இரண்டு இடங்களைச் சான்றாகக் காட்டுவேன்.

அதீனா சூ நடித்த ஸிசியா என்னும் தேவகன்னி, தன் வாளை உறையிலிருந்து எவன் உருவுகிறானோ அவனே தன் கணவன் என்று சபதம் செய்தவள். ஜோக்கர் அதை விளையாட்டாக உருவிவிடுகிறான். பின்பு ஒரு கட்டத்தில் அவள் அந்த வாளையே அவன் தொண்டையில் வைக்கிறாள். உயிர் தப்புவதற்காகத் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த பொய்யைச் சொல்லப்போகிறேன் என்று நமக்கு மட்டும் கேட்கும்படி அறிவித்துவிட்டு, கண்ணீரோடு பேசத் தொடங்குகிறான். உண்மையான காதல் கண்முன்னே இருந்தும் அதை மதிக்காமல் இழந்தேன், இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் உன்னைக் காதலிக்கிறேன் என்பேன், அதற்குக் காலவரை வைக்கச் சொன்னால் பத்தாயிரம் ஆண்டுகள் என்பேன் என்ற பொருளில் அந்தப் பேச்சு போகிறது. முந்தைய ஆண்டு வெளியான வோங் கார்-வாயின் 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்து வசனத்தை நையாண்டி செய்யும் இடம் அது. அரங்கம் சிரித்திருக்கும். பின்னர், குரங்கு அரசனாகத் தங்க வளையத்தைத் தலையில் அணிவதற்குச் சற்று முன்பு, ஏறத்தாழ அதே சொற்களை அவன் மறுபடியும் சொல்கிறான். இம்முறை அதில் பொய் இல்லை. நகைச்சுவைக்காக எழுதப்பட்ட வரிகளைத் தவிர வேறு எந்த வரியும் அவனுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் இந்தத் திரைக்கதையின் மேதைமை.

வளையத்தை அணிந்தவனுக்கு மனித ஆசைகள் கூடாது. காளைப் பூதத்தின் ஆயுதத்தால் குத்துண்டு சூரியனை நோக்கி மிதந்து செல்லும் ஸிசியாவின் கையை எட்டிப் பிடிக்கிறான், அவள்மேல் அன்பு பெருகப் பெருக வளையம் இறுகி மண்டையை நெரிக்கிறது, பிடி தளர்கிறது. பூதங்களை அடக்கும் வல்லமை எல்லாம் வந்த பின்பு, விரும்பியவளின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வலிமை மட்டும் இல்லை. அஞ்சியும் பொய் சொல்லியும் மாறுகண் வைத்துக்கொண்டு நடித்தும் நம்மைச் சிரிக்க வைத்த அந்தக் கொள்ளைக்காரன்தான் இழப்புக்குரிய மனிதன் என்பது அப்போதுதான் உறைக்கிறது. முதல் பாகத்தின் கோமாளித்தனம் இல்லாவிட்டால் இங்கே இழப்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

குறையும் உண்டு. ஆன்மாக்கள் ஒன்றன் உடலுக்குள் மற்றொன்று மாறிக்கொள்ளும் பகுதியில் யார் யாருக்குள் இருக்கிறார்கள் என்பதே குழம்பிப்போகிறது. அதைப் பாதியாகக் குறைத்திருக்கலாம்.

20 சனவரி 2025

படம் எடுக்கப்பட்டது வடமேற்குச் சீனாவின் நிங்சியாவில், இன்ச்சுவான் நகருக்கு அருகிலுள்ள ஜென்பெய்பூ என்னும் பழைய மண்கோட்டையில். அரங்க அமைப்பாக இருந்திருந்தால் இந்தக் கதை வெறும் பொம்மலாட்டமாகியிருக்கும். உண்மையான மண்சுவரும் உண்மையான காற்றும் இருப்பதால், எவ்வளவு அபத்தமான நிகழ்வும் எங்கோ ஓரிடத்தில் நடப்பதாகவே தோன்றுகிறது.

சீனப் பெருநிலப்பரப்பில் வெளியானபோது படம் எடுபடவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக மாணவர்கள்தாம் விசிடி வழியாக அதைக் கண்டெடுத்து, வசனங்களை மனப்பாடம் செய்து, தங்கள் தலைமுறையின் படமாக்கிக்கொண்டார்கள். அவர்கள் கேட்டது சௌவின் சொந்தக் குரலை அல்ல. தைவானைச் சேர்ந்த ஷி பான்யூ சீனப் பொதுமொழியான மாண்டரினில் கொடுத்த குரலை. அந்தக் குரலின் கீச்சுச் சிரிப்பு எனக்கும் பிடித்திருக்கிறது; ஆனாலும் இறுதிக் காட்சிகளுக்குக் கான்டனீஸ் ஒலித்தடமே பொருத்தம் என்பேன், அங்கே சௌவின் குரல் இன்னும் தாழ்ந்து, சோர்ந்து ஒலிக்கிறது.

25 சனவரி 2025

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சௌ இயக்குநராக இதே கதைக்குத் திரும்பிய 2013ஆம் ஆண்டுப் படமான 'ஜர்னி டு தி வெஸ்ட்: கான்கரிங் தி டீமன்ஸ்' படத்தை மறுபடியும் பார்த்தேன். அதில் அவர் நடிக்கவில்லை. நீர்ப்பூதம் மீனவக் குடியிருப்பைத் தாக்கும் தொடக்கக் காட்சி, சிரிப்பையும் அச்சத்தையும் ஒரே மூச்சில் கொண்டுவருவதில் அவருடைய மிகச் சிறந்த பணிகளுள் ஒன்று. ஆனால் முடிவில் பத்தாயிரம் ஆண்டுக் காதல் வசனமும் 1995 படத்தின் இறுதிப் பாடலும் திரும்ப வரும்போது, அந்தக் கண்ணீரில் பாதி பழைய படத்திடம் கடன் வாங்கியதாகவே எனக்குப்படுகிறது.

அங்கே கடன் வாங்காத ஒன்று அந்த வளையம். ஷு சீ நடித்த பூத வேட்டைக்காரி, துறவிக்குத் திருமண மோதிரமாகக் கொடுக்க விரும்பிய தன் ஆயுதமே, அவள் இறந்தபின் குரங்கின் தலையில் ஏறுகிறது. முதல் படத்தில் காதலைத் தடுத்த பொருள் இங்கே காதலால் செய்யப்பட்டிருக்கிறது. வலியோ குரங்குக்கு அல்ல, அதை அணிவிக்கும் குருவுக்கு. பதினெட்டு ஆண்டுகள் இந்தக் கதையை மனத்தில் வைத்திருந்த ஒருவர்தான் இதை இப்படி மாற்றியிருக்க முடியும் என்று நம்புகிறேன். இரண்டையும் பார்க்க விரும்புகிறவர்கள் 1995 படத்தின் இரு பாகங்களையும் முதலில் பார்த்துவிட்டே இதற்கு வர வேண்டும்.