முள்ளங்கிப் பலகாரமும் அம்மாவின் வெள்ளிக்கிழமையும்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் முதல் வீடு ஒரு பேஸ்மென்ட். அங்கிருந்து பத்து நிமிட நடையில், அஜின்கோர்ட் பக்கம், டிம் சம் என்கிற சீனச் சிற்றுண்டிகள் விற்கும் அந்தக் கடை. 1984இல் இந்தப் பகுதியில் ட்ராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதி திறந்த காலத்திலேயே ஹொங்கொங் ஆட்கள் இங்கே குடியேறத் தொடங்கிவிட்டார்கள். நாங்கள் பிறகுதான் வந்தோம்.

இரவு வேலை முடிந்த ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் வேலை செய்த, கன்டனீஸ் பேசும் சீன அக்காதான் முதலில் கூட்டிப்போனா. அவர்கள் "டிம் சம் சாப்பிடப் போறம்" என்று சொல்வதில்லை, "யம் சா" என்பார்கள். தேத்தண்ணி குடிக்கிறது என்று அர்த்தம். நான் தேத்தண்ணி மட்டும்தானாக்கும் என்று வீட்டில் பாண் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தேன். தள்ளுவண்டியில் மூங்கில் கூடைகள் வரவர அக்கா கை காட்டினா. வண்டிக்காரி மேசையில் கிடந்த அட்டையில் முத்திரை குத்தினா. முதலில் வந்ததே கோழிக்கால், நகம் மட்டும் வெட்டி!

அக்கா தேத்தண்ணி ஊற்றும்போதெல்லாம் நான் தேங்க்யூ சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதுமாம். மாறுவேடத்தில் போன சீனாவின் சியன்லோங் பேரரசர் வேலையாளுக்குத் தேநீர் ஊற்ற, அவன் எழும்பி மண்டியிட முடியாமல் விரலை மடித்துத் தட்டினானாம். கேத்தில் மூடியைத் திறந்து வைத்தால் சுடுதண்ணி விட வருவார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பிறகு அம்மா வந்தா. கனடாவில் ஒன்றும் பிடிக்கவில்லை, குளிர் உட்பட. அந்தக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஹா காவ் என்கிற இறால் கொழுக்கட்டை செய்கிற கிழவரைக் கண்டதும் மட்டும் நின்றுவிட்டா.

"பிள்ளை, கொதிதண்ணி விட்டெல்லோ குழைக்கிறார்!"

பசை நீக்கிய கோதுமை மாவோடு மரவள்ளி மா. சுடச்சுடக் குழைத்து, சிறு உருண்டையை எண்ணெய் பூசிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அமத்து, வட்டமாக விரிகிறது. நடுவில் இறால். பிறகு பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு பக்க ஓரத்தை மட்டும் மடித்து மடித்துப் போகின்றன. ஆடிப்பிறப்புக்கு அம்மா கொழுக்கட்டை ஓரத்தை மடித்து அமத்துவது அப்படித்தான். அம்மா வாய்க்குள் எண்ணினா. "ஒன்பது. நான் பதினொண்டு வைப்பன்." ஆனால் அவிந்து வந்தபோது தோலுக்குள்ளால் இறாலின் சிவப்புத் தெரிந்ததைப் பார்த்து, "அரிசி மாவில இந்தக் கண்ணாடி வராது" என்று ஒத்துக்கொண்டா.

அடுத்த முறை போனது வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அம்மா மச்ச மாமிசம் தொடமாட்டா. நான் பார்த்துப் பார்த்து முள்ளங்கிப் பலகாரம் எடுத்துக் கொடுத்தேன்: வெள்ளை முள்ளங்கியைத் துருவி அரிசி மாவோடு அவித்து, துண்டு போட்டுப் பொரித்தது. பெயரிலேயே மரக்கறி இருக்கிறதே! அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. "லேசாக் கருவாட்டு வாசம் வருது, அடுப்படியால போல" என்றா.

திங்கட்கிழமை அக்காவிடம் கேட்டேன். உலர்ந்த இறால், பன்றி இறைச்சிச் சொசேஜ், இரண்டையும் பொடியாக வெட்டிப் போடுவார்களாம். இல்லாவிட்டால் ருசி வராதாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கடை பூட்டு என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.