டெக்சாஸில் பிப்ரவரி மாதத் தலைவலி
ஆபீஸில் ஒரு டெக்சாஸ்காரர் இருக்கிறார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிப்ரவரி தொடக்கத்தில் ஒருநாள் காலையில் மீட்டிங்கில் உடம்பு மட்டும்தான் இருக்கும். அன்றுதான் அங்கே அரசுப் பள்ளி விளையாட்டை நடத்தும் யூஐஎல் அமைப்பு, எந்தப் பள்ளி எந்தப் பிரிவு, எந்த மாவட்டம் (அதாவது தங்களுக்குள் மோதும் பள்ளிகளின் குழு) என்று புதிதாகப் பிரித்து அறிவிக்கும். பிரிவுக்கு மாணவர் எண்ணிக்கைதான் கணக்கு, சின்னப் பள்ளிகளின் 1ஏ முதல் பெரிய பள்ளிகளின் 6ஏ வரை. குட்டிப் பள்ளிகளுக்கு 11 பேர் தேறாது, அதனால் அணிக்கு ஆறே பேர் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்!

6ஏ என்ற பெயரே 2014-ல்தான் வந்தது. அமைப்போ பழசு, 1910-ல் விவாதப் போட்டிக்காகத் தொடங்கியது.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் காலத்தில் யூஐஎல்லில் வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டுமே இடம். கறுப்பினப் பள்ளிகள் பிரெய்ரி வியூ லீக் என்று தனியாக நடத்தின, பின்னாளில் அமெரிக்கன் ஃபுட்பாலில் பெயர் வாங்கிய ‘மீன்’ (Mean) ஜோ கிரீன், பப்பா ஸ்மித் எல்லாம் அதில் ஆடி வந்தவர்கள்தான். 1967-ல் அவர்களுக்கும் யூஐஎல் கதவு திறந்தது, 1970-ல் அந்த லீக்கே முடிந்துபோனது. இணைப்பு என்றார்கள், சரி, ஆனால் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகள், பல ஊர்களில் கோப்பை, கொடி, பள்ளிப் பெயர் எல்லாம் அதோடு போச்சு.

இதை நண்பரிடம் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மேற்கு டெக்சாஸில் சொந்த மாவட்டத்துக்குள் ஆடும் ஆட்டத்துக்கே பஸ்ஸில் 200 கிலோமீட்டர் போகணும் தெரியுமா என்று ஆரம்பித்துவிட்டார்.