ஸ்வெங்ஸ்டாவுக்கு ஒரு சிவப்பு ரீலோடு

மால்மோவில் ரயில் ஏறும்போது என் தோள்பையில் ஒரு கம்பளிக் காலுறையும், அதற்குள் ஒரு மீன்பிடி ரீலும் இருந்தன. ரீல் என்றால் கம்பில் பொருத்தித் தூண்டில் நரம்பைச் சுற்றும் பொறி. ஆபு அம்பாஸடர் 5000. பழைய ரீல்களைச் சேர்ப்பவர்கள் யாரும் அந்தச் சிவப்பை ஒரே பார்வையில் அடையாளம் கண்டுகொள்வார்கள். இரண்டு முறை முழுக்கப் பிரித்துக் கழுவியும் தீராத ஒரு கோளாறு அதில் இருந்தது. அதைச் செய்த ஊருக்கே போகிறோம், அதை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

ஸ்வீடனின் தெற்கு ஓரத்தில், பிளேக்கிங்கே பகுதியில் இருக்கிறது ஸ்வெங்ஸ்டா. கார்ல்ஸ்ஹாம்ன் வரை ரயில், அப்புறம் பேருந்து. சின்ன ஊர். பக்கத்திலேயே மொர்ரும் ஆறு ஓடுகிறது. பால்டிக் கடலிலிருந்து சால்மன் மீன்கள் ஏறிவரும் ஆறு அது. இப்படி ஓர் ஆற்றங்கரையில் ரீல் தொழிற்சாலை வந்ததில் என்ன ஆச்சரியம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த ஊரின் கதை மீனில் தொடங்கவில்லை, கைக்கடிகாரம் பரவாத காலத்துச் சட்டைப்பைக் கடிகாரத்தில் தொடங்கியது.

1887இல் ஹென்னிங் ஹம்மர்லுண்ட் என்பவர் இங்கே ஹால்டா கடிகாரத் தொழிற்சாலையை நிறுவினார். பிறகு தட்டச்சுப் பொறிகளும் வந்தன. 1921இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'ஆ.பே. ஊர்ஃபாப்ரிக்கென்'. ஸ்வீடிஷ் மொழியில் 'ஆ.பே.' என்றால் பங்கு நிறுவனம், 'ஊர்' என்றால் கடிகாரம். அந்தப் பெயரின் சுருக்கம்தான் ஆபு. அவர்கள் டாக்ஸிமீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் டாக்ஸிமீட்டருக்குத் தேவை குறைந்தது. போர்க்ஸ்ட்ரோமின் மகன் யோத்தேவுக்கு மீன்பிடிப்பதில் ஈடுபாடு உண்டு. பல்சக்கரம் வெட்டத் தெரிந்த கைகள் ரீல் பக்கம் திரும்பின. 1952இல் அம்பாஸடர் 5000 வந்தது.

இதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் ஸ்வெங்ஸ்டாவின் அருங்காட்சியகத்தில் அந்தப் பொருள்களைக் கண்ணெதிரே பார்க்கும்போது அது வேறு மாதிரி உறைக்கிறது. டாக்ஸிமீட்டரின் உள்ளே இருக்கும் பித்தளைச் சக்கரங்களைப் பார்த்தபோது, என் பையில் இருந்த ரீலின் உறவுக்காரரைப் பார்ப்பதுபோல இருந்தது. இது ஸ்வெங்ஸ்டாவுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல. அமெரிக்காவின் கென்டக்கியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கும் உருளை, பல சுற்றுகள் சுற்றும் ரீலைச் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரக்காரர். புகழ்பெற்ற மிட்செல் ரீல்களைச் செய்த கார்பானோ அண்ட் பொன்ஸ் நிறுவனம் இருந்த க்ளூஸ், பிரான்சின் கடிகார ஊர். நனையும் கடிகாரம் என்றே நான் பழைய ரீலை நினைத்துக்கொள்கிறேன். பழுது பார்ப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கோளாறைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ரீலில் முன்பக்கம் ஒரு மரைத்தண்டு உண்டு. அதில் இடமும் வலமுமாக இரண்டு மரைகள் குறுக்கே வெட்டியிருக்கும். நரம்பை ஸ்பூலில் சீராகப் பரப்பும் வழிகாட்டி அந்தத் தண்டின் மேல் போய்வரும். வழிகாட்டிக்குள் விரல்நகம் அளவுகூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. அதை நகம் என்றே சொல்கிறேன். அதன் நுனி மரைக்குள் உட்கார்ந்து ஓடி, ஓரத்துக்கு வந்ததும் திரும்பி அடுத்த மரையைப் பிடித்துக்கொள்ளும். என் ரீலில் வழிகாட்டி வலது ஓரம் வரை ஒழுங்காகப் போகும். அங்கே நின்றுவிடும். கைப்பிடியை லேசாக ஆட்டினால்தான் திரும்பும்.

அழுக்குதான் காரணம் என்று நம்பினேன். நம்பக் காரணமும் இருந்தது. கைக்கு வந்தபோது உள்ளே இருந்த கிரீஸ் வார்னிஷ் மாதிரி இறுகிப்போயிருந்தது, பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு. பக்கத் தட்டைப் பிடித்திருக்கும் மூன்று திருகுகளை விரலாலேயே கழற்றலாம், திருப்புளி வேண்டாம். அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும். கைப்பிடியின் நட்டு, நட்சத்திரச் சக்கரம், மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் வாஷர்கள், பெரிய பல்சக்கரம் என்று கழற்றக் கழற்ற ஒரு கம்பியில் அதே வரிசையில் கோத்து வைத்தேன். உள்ளே ஒரு தகட்டுக்கு அடியில் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகள் ஒளிந்திருக்கும். தகட்டைத் தூக்கும் நொடியில் துள்ளிப் போய்விடும். முதல் முறை அதில் ஒன்றைத் தொலைத்து, அறை முழுக்கத் தவழ்ந்து தேடியிருக்கிறேன். இப்போது பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் அந்த வேலையைச் செய்கிறேன்.

உலோகப் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். மரை இடுக்குக்குப் பல்குச்சி. களிம்பு பிடித்த பித்தளைக்குக் கொஞ்சம் வினிகர், உடனே நீரில் அலசித் துடைத்துவிட வேண்டும். அந்தச் சிவப்பு வண்ணத் தட்டுகளில் மட்டும் தயவுசெய்து இதையெல்லாம் காட்டாதீர்கள். அது பெயிண்ட் அல்ல. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உண்டாக்கி அதற்குள் சாயம் ஏற்றியது. காரமான சோப்புத்தூள் பட்டால் படலமே போய்விடும், நிறம் திரும்பி வராது. வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. பளபளப்பாக்கும் பசையைத் தேய்த்து அரை நூற்றாண்டுச் சிவப்பை வெள்ளையாக்கிய ரீல்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே வயிறு எரியும்.

எண்ணெய் விஷயத்திலும் பலர் தாராளமாக இருக்கிறார்கள். ஸ்பூல் அச்சின் இரு முனைகளுக்கும் ஒவ்வொரு சொட்டு. பல்சக்கரத்தின் பற்களில் மெல்லிய கிரீஸ். மரைத்தண்டுக்கு லேசான எண்ணெய் மட்டும், அங்கே கிரீஸ் வைத்தால் மணல் வந்து ஒட்டும். ஸ்பூல் அச்சில் இருக்கும் இரண்டு சின்னப் பிரேக் கட்டைகளில் எதுவும் கூடாது. ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது அவை வெளியே வீசப்பட்டு வளையத்தில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. எண்ணெய் பட்டால் உரசாது, நரம்பு சிக்கிப் பறவைக்கூடு மாதிரி ஆகிவிடும்.

இத்தனையும் செய்தேன். நகத்தையும் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். உடைந்திருக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பப் போட்டேன். அங்கேதான் தவறினேன்.

அருங்காட்சியகத்தில் அம்பாஸடர் ரீல்களின் வரிசையில் கொஞ்ச நேரம் கழிந்தது. சிவப்பு 5000, பால் பேரிங் போட்ட கறுப்பு 5000சி, அகலமான ஸ்பூல் உள்ள 6000. (1970களின் நடுவிலிருந்து வந்தவற்றில், ரீலைக் கம்பில் பொருத்தும் பாதத்தின் அடியில் ஆறு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். என்னுடையது அதற்கு முந்தியது.) அங்கே திறந்து வைத்திருந்த ஒரு தோல் பெட்டி என்னை நிறுத்தியது. ரீலோடு தொழிற்சாலையே கொடுத்த பெட்டி. ரீலுக்குப் பக்கத்தில் எண்ணெய், சின்ன ஸ்பேனர், உதிரிப் பாகங்கள். அவற்றில் ஒரு நகம், யாரும் பயன்படுத்தாதது.

அதன் நுனி பிறை மாதிரி முழுசாக, தடிமனாக இருந்தது. என்னுடையது அப்படி இல்லை. இரண்டு பக்கமும் தேய்ந்து கத்தி முனைபோலக் கூர்மையாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொன்று இல்லாததால், அதன் வடிவமே அதுதான் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து காலுறையிலிருந்து ரீலை எடுத்தேன். தண்டின் வலது ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். கூரான நகம் அங்கே மெல்லிய கீறலைத் தொடங்கியிருந்தது. இன்னும் சில பருவம் ஓடியிருந்தால் தண்டையே மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று நினைவுக்கு வந்தது. என் ரீலும் தோல் பெட்டியோடுதான் வந்தது. ஸ்பேனர் இருந்தது, உதிரிப் பாகம் எதுவும் இல்லை. யாரோ தொலைத்துவிட்டார்கள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். தொலைக்கவில்லை. ரீலின் முதல் நகம் தேய்ந்தபோது எனக்கு முன்னால் வைத்திருந்தவர் இதைப் பிரித்து, பெட்டியிலிருந்த உதிரியைப் போட்டிருக்க வேண்டும். அதையும் தேயும் வரை ஓட்டியிருக்கிறார். எத்தனை ஆயிரம் வீச்சு! அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கரையில் அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. செய்தவர்களும் அவரை எதிர்பார்த்தே பெட்டிக்குள் நகத்தை வைத்திருக்கிறார்கள்.

இருட்டும் வரை அங்கேயே இருந்தேன். ஆறு பெரும் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. மீன் பிடிக்கவில்லை, அதற்கான அனுமதிச் சீட்டு என்னிடம் இல்லை.

ஊர் திரும்பியதும் நகம் வரவழைத்தேன். இந்த மாடலுக்குப் பாகங்கள் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. வழிகாட்டியின் அடியில் உள்ள மூடியைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, கைப்பிடியை மெதுவாகச் சுற்றினேன். வலது ஓரம் வந்தது. நிற்காமல் திரும்பியது.

இரண்டு நகம் வாங்கியிருந்தேன். மற்றொன்றைச் சின்னக் காகிதத்தில் மடித்து, தோல் பெட்டியில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.