மாந்தோப்புச் சொட்டுநீர்: மொபைல் ஸ்டார்ட்டருக்கு முன் தண்ணீர் மீட்டர்

கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்புகளில், கைபேசியிலிருந்தே மோட்டாரைப் போட்டு அணைக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் பரவலாகிவிட்டது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் டார்ச் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. பெரிய நிம்மதிதான். ஆனால் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்றுதான் அது சொல்லும். மரத்துக்கு எத்தனை லிட்டர் போனது என்று சொல்லாது. கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், தண்ணீர் மீட்டரை வாங்குங்கள்.

முதலில் கணக்கு. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். மரத்தின் நிழல் விட்டம் 5 மீட்டர் என்றால் பரப்பு 19.6 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாள் ஆவியாதல் 5 மில்லிமீட்டர், காய் பெருக்கும் மாமரத்துக்குப் பயிர்க்கெழு (அந்த ஆவியாதலில் பயிருக்குத் தேவைப்படும் பங்கு) 0.7 என்று வைத்தால் 68.6 லிட்டர் வரும். சொட்டுநீரில் 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 76 லிட்டர். மரத்துக்கு மணிக்கு 4 லிட்டர் சொட்டும் டிரிப்பர் (சொட்டுவான்) 8 இருந்தால் மணிக்கு 32 லிட்டர். ஆக சுமார் 2 மணி 20 நிமிடம் ஓட வேண்டும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. 100 மரத்துக்கு மீட்டரில் மணிக்கு 3,200 லிட்டர் காட்ட வேண்டும். 2,700 காட்டினால் டிரிப்பர்கள் உப்பால் அடைத்திருக்கின்றன, அல்லது ஃபில்டர் அழுக்கு. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவைத் தாண்டினால் உடனே கழுவுங்கள். 3,800 காட்டினால் எங்கோ லேட்டரலை (டிரிப்பர் பொருத்திய சிறு குழாயை) அணில் கடித்திருக்கிறது. மீட்டரை ஃபில்டருக்குப் பின்னால் பொருத்துங்கள். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு முன் 20 அங்குலமும் பின் 10 அங்குலமும் வளைவோ வால்வோ இல்லாத நேர்க்குழாய் வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் சுழன்று வந்து அளவு தப்பும்.

அடுத்தது மண் ஈர சென்சார். ஒரு மரத்தடியில் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒன்று, 60-இல் ஒன்று. டிரிப்பரிலிருந்து ஒரு அடி தள்ளி. நட்டுவைக்கும் குழியில் அதே மண்ணைச் சேறாகக் குழைத்து ஊற்றிய பிறகே சென்சாரை இறக்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். சுற்றிலும் காற்று இடைவெளி இருந்தால் எவ்வளவு பாய்ச்சினாலும் எண் அசையாது. கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள். சென்சார் காட்டுவது சென்டிபார் கணக்கு: எண் ஏற ஏற மண் காய்கிறது என்று பொருள். செம்மண்ணில் மேல் சென்சார் 30 முதல் 40 சென்டிபார் தொட்டதும் தண்ணீர் விடலாம். களிமண்ணில் 50 வரை பொறுக்கலாம். கீழ் சென்சார் எப்போதும் 10-க்குள்ளேயே நின்றால் தண்ணீர் வேரைத் தாண்டி வீணாகிறது, நேரத்தைக் குறையுங்கள். அதுவும் மேலே ஏறிக்கொண்டே போனால் நேரம் போதவில்லை.

இவை இரண்டும் சரியான பிறகு ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போடுங்கள். நேரக்கணக்கில் வைத்தால், நடுவில் மின்சாரம் போய் வரும்போது சில ஸ்டார்ட்டர்கள் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு வரிசைக்கு இரட்டைத் தண்ணீர், இன்னொன்றுக்கு எதுவும் இல்லை. மீட்டரோடு இணைத்து லிட்டர் கணக்கில் நிறுத்தும் வகை இருந்தால் அதையே வாங்குங்கள். கிணறு வற்றி மோட்டார் வெறுமனே ஓடாமலிருக்க, வழக்கமான ஆம்பியரைக் குறித்து, அதைவிட 20 சதவீதம் குறைந்தால் நிற்கும்படி அமையுங்கள். சிம் கார்டு ரீசார்ஜ் தேதியை நாள்காட்டியில் எழுதி வையுங்கள். கட்டளை போகாமல் நிற்பதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

ஒரு விஷயத்தை மட்டும் எந்தக் கருவியிடமும் விடக் கூடாது. மழைக்காலம் முடிந்து பூ வரும் முன் இரண்டு மாதம் மாமரத்தைக் காயவிட வேண்டும். அப்போது சென்சார் 60, 70 என்று காட்டும். சென்சாரோடு இணைத்த ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருந்தால் தண்ணீரைத் திறந்துவிடும், மரம் பூவுக்குப் பதிலாகத் துளிர் விடும். அந்த இரண்டு மாதமும் ஆட்டோவை அணைத்து வையுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பாதி நேரத்தில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டு வாருங்கள்.