லுவாங் பிரபாங்கில் ஒரு பிடி சோறு

லாவோஸுக்கு நான் போனது வேலையாகத்தான். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரக் கையேட்டுக்கு ஆறு நாளில் படங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் கொடுத்த பட்டியலின் முதல் வரியே "பிக்குகள், பிச்சைப் பாத்திரம், முகம் மிக நெருக்கத்தில்" என்று இருந்தது.

2019 நவம்பர். லுவாங் பிரபாங், மீகாங் ஆற்றோடு நாம் கான் ஆறு சேரும் முனையில் இருக்கும் சின்ன ஊர். 1995-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. சக்கலின் சாலையில் ஒரு நடை நடந்தால் ஒன்றை ஒட்டி ஒன்றாக விகாரைகள் வந்துகொண்டே இருக்கும். விடிவதற்குள் அங்கிருந்து பிக்குகள் வரிசையாக, வெறுங்காலோடு வெளியே வருவார்கள். ஊர் மக்கள் ஓரத்தில் உட்கார்ந்து பாத்திரத்தில் சோறு இடுவார்கள். தாக் பாத் என்று பெயர்.

முதல் நாள் காலை நான் ஒரு தப்புச் செய்தேன். ஃபிளாஷ் போடக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும் என்றெல்லாம் ஊரில் அறிவிப்பு வைத்திருக்கிறார்கள். ஃபிளாஷை அணைத்துவிட்டேன். ஆனால் இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதற்காக கேமரா தானாகவே ஒரு சின்ன விளக்கை அடிக்கும். அதை அணைக்க மறந்துவிட்டேன். பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு இளம் பிக்கு. அந்த வெளிச்சம் நேராக அவன் கண்ணில் விழுந்தது. முகத்தைச் சுளித்தான், நடை ஒரு எட்டு தடுமாறியது, பின்னால் வந்தவர் சட்டென்று நின்றார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசை மறுபடி நகர்ந்தது. அறைக்கு வந்து பார்த்தால் படம் கூர்மையாக, பட்டியலில் கேட்டது போலவே இருந்தது. சுளித்த அந்த முகத்தை இரண்டாவது தடவை பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அழித்துவிட்டேன்.

தங்கியிருந்த விடுதியை நடத்திய பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை "ஆய்" என்று கூப்பிடுவார், அண்ணன் என்று அர்த்தம். "ஆய், அது எங்களுக்குச் சாமி கும்பிடுகிற நேரம். நாளைக்கு எங்கள் அம்மாவோடு வந்து உட்காருங்கள். கேமரா வேண்டாம்," என்றார். சரி என்றேன். ஆறு நாள் வேலையில் ஒரு காலையை விடுவது சுலபமில்லை. ஆனாலும் போனேன்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் அதன் வேகம் புரிந்தது. ஒரு பிக்குவுக்கு ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு. அதற்குள் கூடையிலிருந்து ஒரு உருண்டை பிய்த்துப் பாத்திரத்தில் இட்டாக வேண்டும். பிக்கு எதுவும் கேட்பதில்லை, நன்றியும் சொல்வதில்லை. மதியத்துக்கு மேல் அவர் திட உணவு சாப்பிடவும் கூடாது. காலையில் கிடைப்பதுதான் அன்றைக்கு. இடுபவருக்குக் கிடைப்பதை லாவோ மொழியில் "பூன்" என்கிறார்கள். பௌத்த நூல்களின் பாலி மொழி வழியாக அங்கே போன நம் புண்ணியம்தான் அது. ஆக, பெறுகிறவர் இடுகிறவர் ரெண்டு பேருமே அங்கே ஒரு வேலையில் இருக்கிறார்கள். நடுவில் லென்ஸை நீட்டுகிறவனுக்குத்தான் அங்கே வேலை இல்லை.

அதற்காக அந்த ஊர்ப் பிக்குகளுக்கு கேமரா ஆகாது என்று நினைத்துவிடக் கூடாது. வாட் சேன் விகாரையின் தலைமைப் பிக்குவாக இருந்த பா காம்சான் விராசித்தோ ஆயிரக்கணக்கான பழைய படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவருடையதும் மற்ற விகாரைகளில் கிடைத்தவையுமாக 35,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று பௌத்தப் புகைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே உள்ளவை. பிக்குகளே எடுத்தவையும் அவற்றில் நிறைய உண்டு. நான் பார்த்த சில உருவப்படங்களில் அவர்கள் நேராக லென்ஸைப் பார்க்கிறார்கள். யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்று தெரிந்து உட்கார்ந்த முகங்கள் அவை. அவற்றைப் பார்த்த பிறகு முதல் நாள் எடுத்த மற்றப் படங்களையும் நான் நிறுவனத்துக்கு அனுப்பவில்லை.

நான்காம் நாள் விடுதிப் பெண்ணின் அம்மாவே கேமராவோடு வரச் சொன்னார். தெருவுக்கு இல்லை, அடுப்படிக்கு. விடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. முந்தின ராத்திரியே ஊறப்போட்ட பசையரிசி. நம் செட்டிநாட்டுக் கவுனி போல ஒட்டும், நிறம் மட்டும் வெள்ளை. கூம்பு வடிவ மூங்கில் கூடையில் அரிசியைக் கொட்டி, இடுப்பு ஒடுங்கிய ஒரு பானையின் வாயில் உட்கார வைத்தார். கீழே கரி அடுப்பு. பாதி வெந்ததும் கூடையைத் தூக்கி ஒரு குலுக்கு. மொத்தச் சோறும் ஒரே கட்டியாகப் புரண்டு விழுந்தது. வெந்தபின் மரத்தட்டில் கொட்டி, ஆவி போகத் துடுப்பால் விரித்து, மறுபடி திரட்டி, மூடி போட்ட கூடையில் வைத்தார். வீட்டில் ஒருவரும் அதிலிருந்து ஒரு பருக்கை வாயில் போடவில்லை. முதலில் பாத்திரத்துக்குத்தான்.

ஒரே ஒரு பல்பும் அடுப்பின் கங்கும்தான் வெளிச்சம். 35 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறன் 3200, ஷட்டர் 1/60 நொடி. சத்தமில்லாத ஷட்டர், ஃபோகஸ் விளக்கு அணைத்தாகிவிட்டது. கிளம்பும்முன் மூன்று தடவை சரிபார்த்தேன். அப்புறம் தெருவில் அவருக்குப் பின்னால், அவர் உயரத்துக்கே தரையில் உட்கார்ந்து, தோள் வழியாக எடுத்தேன். படத்தில் பிக்குகளின் முகம் இல்லை. பாத்திரங்களின் அடிப்பக்கம், கால்கள், நீளும் ஒரு கை.

நிறுவனத்தில் முகம் எங்கே என்று கேட்டார்கள். ஒரு விகாரையில் மாலை முற்றம் பெருக்கி முடித்த ஒரு பிக்குவிடம் அனுமதி கேட்டு, அவர் அங்கியைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தபின் எடுத்த படத்தைக் கொடுத்தேன். அதையே அட்டையில் போட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், தெருவில் எடுத்த படத்தை அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தன்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் விரல் படத்தின் ஓரத்தில் போய் நின்றது. அங்கே ஒரு கூடையும் ஒரு கையின் பாதியும் மட்டும் தெரிகின்றன. பக்கத்து வீட்டு அக்காவின் கையாம் அது. தினமும் இவருக்கு அருகில் உட்காருகிறவர். அவருக்கும் ஒரு படம் கிடைக்குமா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னார்.

மறுநாள் விமானத்துக்கு முன், அச்சுக் கடை திறப்பதற்காக வாசலில் காத்திருந்தேன்.