தேள் காட்டிக்கொடுக்கும் கட்டி

தேள் விஷத்தில் எனக்குப் பிடித்த விஷயமே, அது புற்றுநோய் செல்லைக் கொல்லாததுதான். போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே.

எல்லாத் தேளின் விஷமும் அல்ல. வட ஆப்பிரிக்கா, மேற்காசியப் பாலைவனங்களில் திரியும் 'டெத்ஸ்டாக்கர்' என்ற மஞ்சள் தேள். அதன் விஷத்தில் இருக்கும் பல பொருட்களில் ஒன்று குளோரோடாக்சின். வெறும் 36 அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம். 1993இல் பிரித்தெடுத்தார்கள். அது க்ளையோமா என்ற மூளைக்கட்டியின் செல்களில் ஒட்டுகிறது, இயல்பான மூளைச் செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்று 1998இல் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஹரால்டு சொன்டைமர் குழு கண்டது.

இதன் அருமை எங்களைப் போல ஆபரேஷன் தியேட்டரில் நிற்கும் நர்ஸுகளுக்குப் புரியும். கட்டியின் நடுப்பகுதி பிரச்சினையே இல்லை, சக்‌ஷனில் வந்துவிடும். ஓரத்துக்கு வந்ததும் டாக்டரின் கை நின்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில், எதிரே திரையில், எல்லாம் ஒரே வெளிர் நிறம். எது கட்டி, எது மூளை? துளியூண்டு திசு எடுத்து, உடனே உறையவைத்துப் பார்த்துச் சொல்லும் சோதனையான ஃப்ரோசன் செக்‌ஷனுக்கு அனுப்பிவிட்டு, வெதுவெதுப்பான சலைன் விட்டுக்கொண்டு காத்திருப்போம். குடலில் என்றால் கொஞ்சம் தள்ளியே வெட்டலாம். மூளையில் அந்தக் கொஞ்சம் நோயாளியின் பேச்சாக இருக்கும், வலது கையாக இருக்கும்.

சியாட்டிலில் குழந்தைகளின் மூளைப் புற்றுநோயைக் கவனிக்கும் டாக்டர் ஜிம் ஓல்சன், இந்தப் புரதத்தோடு ஒளிரும் சாயத்தை இணைத்தார். எலிகளில் கட்டி ஒளிர்ந்ததை 2007இல் வெளியிட்டார்கள். 'ட்யூமர் பெயின்ட்' என்று பெயர். பின்னால் வந்த டோசுலெரிஸ்டைடு என்ற வடிவத்தில் சேர்த்திருப்பது இண்டோசயனின் கிரீன். அது எங்களுக்குப் பழகிய சாயம்தான். மூளை ரத்தக்குழாய் வீக்கத்துக்கு கிளிப் போட்ட பிறகு ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ரத்தநாளத்தில் ஏற்றுவோம். அதையே தேளின் புரதம் கட்டி வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அகச்சிவப்புக் கேமராவில் ஓரம் தெரியும். குழந்தைகளிடமும் சோதித்திருக்கிறார்கள்.

சாயத்தைச் சுமப்பது மருந்தையும் சுமக்காதா? முயன்றார்கள். அந்தப் புரதத்தில் கதிரியக்க அயோடினை ஏற்றி 18 நோயாளிகளுக்குக் கொடுத்த முதற்கட்ட முடிவு 2006இல் வந்தது. உடல் தாங்கிக்கொண்டது, ஆனால் இன்றுவரை அது மருந்தாக வரவில்லை. 2020இல் கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மையம் வேறு வழியில் போனது: நோயாளியின் டி-செல்களை (நோயெதிர்ப்பு செல்கள்) எடுத்து, குளோரோடாக்சினை மேலே முளைக்கவைத்துத் திருப்பி அனுப்புவது. ஒட்டுவது தேளின் வேலை, கொல்வது நம் செல்லின் வேலை. எலிகளில் பலன் தெரிந்தது, மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. என்னைக் கேட்டால், சிகிச்சைக்கு முன்னால் சாயம்தான் தியேட்டருக்குள் வரும்.

இதற்கெல்லாம் யாரும் தேளைப் பிடித்து விஷம் கறப்பதில்லை. புரதத்தை ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறார்கள்.

இவ்வளவையும் எழுதக் காரணம் என் சித்தி. தெரிந்தவருக்குக் கட்டியாம், கியூபாவின் நீலத்தேள் சொட்டு மருந்து வாங்கப்போகிறார்களாம். "முள்ளை முள்ளாலதானடி எடுக்கணும்?" என்றார். விடாடாக்ஸ் என்ற அந்தச் சொட்டு ஹோமியோபதி முறையில் செய்வது: ஒரு பங்கை நூறு பங்காக்குவது என்று 30 முறை நீர்க்கச் செய்வார்கள். பாதி தூரத்திலேயே விஷத்தின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சாது.

"அந்தப் பாட்டில்ல தேளே இல்ல சித்தி" என்றேன்.

"விஷம் இல்லைன்னா நல்லதுதானே?"

ஒன்றுமே இல்லாததற்கு எதற்குக் காசு என்று கேட்டேன். பதில் இல்லை. எதைக் கொடுப்பதானாலும் கேன்சர் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுக்கட்டும் என்றேன். அதற்கு மட்டும் சரி என்றார்.