வேப்பம்பூ, மோர் மிளகாய், தம்பியின் கீரை

சித்திரை பிறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். திறந்தால் கீழே கேட்டில் நிற்கும் காவலாளிப் பையன். பினாங்கில் எங்கள் அடுக்குமாடியில் காவலுக்கு இருப்பவர்கள் எல்லாரும் நேபாளத்துக்காரர்கள். வழியில் பார்த்தால் கும்பிடுவான், அவ்வளவுதான் பழக்கம். அன்று கும்பிடவில்லை. "மேடம், பால்கனி..." என்று இழுத்தான்.

எதிர் பிளாக்கில் யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். இந்த வீட்டில் நாலு நாளாக வெள்ளைத் துணி விரித்து ஏதோ இலை தழையைக் காயப் போடுகிறார்கள், பொழுது சாய்ந்தால் உள்ளே எடுத்து வைக்கிறார்கள், என்ன ஏது என்று போய்ப் பார்.

துணி என் வீட்டுக்காரரின் பழைய வேட்டி. மேலே கிடந்தது வேப்பம்பூ. பழுப்பும் பச்சையுமாகச் சுருண்டு, தூளும் காம்புமாகக் கிடந்தது. புத்தி தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற பொருள். ஆனால் அந்தப் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தபோதுதான், எதிர் பிளாக்கின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று உறைத்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது.

அவன் குனிந்து ஒரு சிட்டிகை எடுத்தான். கசக்கினான், மோந்தான், நாக்கில் வைத்தான். முகம் கோணியது. அப்புறம் சிரித்துவிட்டான். "நீம்!" ஊரில் அவன் வீட்டு வாசலிலும் ஒரு மரம் நிற்கிறதாம். அரைகுறை மலாயில் சொன்னான். என் மலாயும் அரைகுறை என்பதால் நன்றாகவே புரிந்தது.

சிரிப்போடு முடிந்த விஷயம்தான். ஆனாலும் சாயங்காலம் வரை எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. கஞ்சாவுக்கு மலாயிலும் கஞ்சா என்றுதான் பெயர், பாஷை புரியவில்லை என்று தப்பிக்க வழியே இல்லை. இந்த நாட்டில் 1952-ஆம் வருடத்து அபாயகரப் போதைப்பொருள் சட்டம் என்று ஒன்று உண்டு. 200 கிராமோ அதற்கு மேலோ கஞ்சா கையில் இருந்தால் கடத்துகிறவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது நம் பாடு. கட்டாயத் தூக்கு என்பதை 2023-இல் எடுத்துவிட்டார்கள். தூக்கு எங்கேயும் போய்விடவில்லை. என் வேட்டியில் கிடந்த வேப்பம்பூ எப்படியும் கால் கிலோ தேறும்.

ஊரில் மொட்டை மாடியில் என்ன காய்கிறது என்று தெருவே பார்க்கும். பார்த்துவிட்டு, "எங்களுக்கும் ரெண்டு கைப்பிடி எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போகும்.

வேப்பம்பூ இங்கேயே கிடைத்ததுதான். எங்களுக்குப் பழக்கமான ஓர் அக்கா பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், தரைவீட்டில் இருக்கிறார். அவர் தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்த குடும்பம். வாசலில் வேப்பமரம், மரத்தடியில் ஒரு சின்ன அம்மன். எப்போது போனாலும் "பசியாறியாச்சா?" என்பார். வந்த புதிதில், நான் என்ன அவ்வளவு பட்டினியாகவா தெரிகிறேன் என்று குழம்பினேன். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேச்சு என்று தெரிய ஒரு மாதம் ஆயிற்று. ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். ஐந்து வெள்ளிக்குத் தேங்காய் என்று முதல்முறை கேட்டபோது, ஏதோ ராஜா காலத்துச் சந்தையில் நிற்கிற மாதிரி இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் எனக்கே வாய் தவறி வெள்ளி என்று வருகிறது. மூன்று வருடம் ஆகிவிட்டது. பினாங்கு பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். இங்கே எல்லாம் நமத்துப் போகிறது.

அப்பளம் நமத்துப் போகிறது, பொட்டுக்கடலை நமத்துப் போகிறது, அலமாரியில் வைத்த தோல்பை பூத்துப் போகிறது. வேப்பம்பூவாவது பரவாயில்லை, நாலு நாளில் காய்ந்து பிழைத்துக்கொண்டது. என் சண்டை மோர் மிளகாயோடு.

நான் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு. சித்திரை வெயிலில் மண்ணே பாளம் பாளமாக வெடிக்கும் ஊரில், மோர் மிளகாய் போடுவது ஒரு வேலையே இல்லை. மிளகாயைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறப் போட வேண்டும். பகலில் பாயில் காய்ச்சல், ராத்திரி திரும்ப மோருக்குள். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடித்த பிறகு, சும்மா கிடந்து காயும். ஆறாம் நாள் ஆச்சி ஒரு கை அள்ளி முறத்தில் போட்டுக் குலுக்குவாள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் இன்னும் ஒரு வெயில். காக்கா விரட்ட என்னைக் கறுப்புக் குடையோடு உட்கார வைப்பார்கள். காக்காவுக்கு மிளகாய் எதற்கு என்று கேட்டால், "அதுக்குத் தெரியுமா அது மிளகாய்னு?" என்பாள்.

ஆச்சியின் ஜாடி ஒன்றை வரும்போதே கொண்டுவந்தேன். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, ஒரு காது உடைந்தது. பட்டுப் புடவையைச் சுற்றி, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். "மூடியை நம்பாதே, வேடு கட்டு" என்று சொல்லி அனுப்பினாள். முதல் வருடம் அவள் சொன்னபடியே போட்டேன். மத்தியானம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வரும், அள்ளிக்கொண்டு ஓடுவேன். ஆறு நாள் வேலைக்குப் பதினொரு நாள் ஆனது. ஜாடியில் போட்டு, வாயில் வெள்ளைத் துணி வைத்து வேடு கட்டினேன். மூன்றாம் வாரம் அவிழ்த்தால், மிளகாய்க்கெல்லாம் பூனைக்குட்டி மாதிரி ரோமம் முளைத்திருந்தது.

ஜாடியைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மிளகாய்க்காக அழுதேன் என்றுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: "இங்க வெயிலு சுடும்மா, ஆனா காய வைக்காது." அதற்குமேல் இந்த ஊர் வெயிலைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. என்னைச் சௌராஸ்தா சந்தைக்கு அழைத்துப் போனார். அங்கே ஜெருக் கடைகள், அதாவது ஊறுகாய்க் கடைகள், வரிசையாக இருக்கும். மாங்காய், நெல்லிக்காய், அரைநெல்லி, எல்லாவற்றுக்கும் மேலே பினாங்கின் பேர்போன ஜாதிக்காய். நாம் ஜாதிக்காய் என்றால் பிரசவ மருந்துக்கு உரைக்கிற கொட்டையைத்தான் நினைப்போம். இங்கே அதன் மேல்சதையைச் சீவிச் சர்க்கரைப் பாகில் ஊறப் போடுகிறார்கள். எல்லாம் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கிறது, ஒன்றும் கெடுவதில்லை. இது ஊறவைக்கிற ஊர், நான் காயவைக்கிற ஊரிலிருந்து வந்தவள். அன்று அது புரிந்தது. "அப்போ கருவாடு எப்படிக்கா காயுது?" என்று கேட்டேன். "அவன் கடற்கரைக் காத்துல போடறான், நீ எட்டாவது மாடிச் செவுத்துக்குள்ள போடற" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்தது பாத்திரம் தேடும் படலம். முதலில் எவர்சில்வர் சம்படம். காய்ந்த மல்லிக்கும் சீரகத்துக்கும் தங்கமான பாத்திரம், ஆனால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் எவர்சில்வரிலும் புள்ளி புள்ளியாக அரிக்கும், அரித்தது. அடுத்து இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் ஜாடி. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி எதுவானாலும் பலகாரம் அதில்தான். முறுக்கு போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுவார்கள். அக்கா வீட்டு முறுக்கு அதில் ஒரு மாதம் மொறுமொறுவென்று இருக்கும். என் மிளகாய் இருக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த ஜாடிக்கு மிளகாய் வாடை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அதில் போட்ட அச்சு முறுக்குகூட மோர் மிளகாயாகத்தான் மணத்தது.

இந்த இடத்தில்தான் தம்பி வருகிறான். சித்தி மகன், டொராண்டோவில் இருக்கிறான். போனில் என் புலம்பலைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "அக்கா, உள்ளே ஈரப்பதம் எவ்வளவுன்னு அளந்தியா?" என்றான். மிளகாயை யார் அளப்பார்கள்? நாணயம் அளவுக்கு ஒரு கருவி வருமாம், ஜாடிக்குள்ளேயே போட்டு வைக்கலாமாம். கண்ணாடி ஜாடிதான் வேண்டும், ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்தது, முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும், வெளிச்சம் படாமல் அலமாரிக்குள் வைக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் திறந்து மூடி ஏப்பம் விட வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தட்டுகிற மாதிரி.

"டேய், உனக்கு எப்படிடா இதெல்லாம் தெரியும்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அம்மாகிட்ட சொல்லிராத" என்றான்.

கனடாவில் 2018 அக்டோபர் 17-லிருந்து அது சட்டப்படி சரி. வீட்டுக்கு நாலு செடி வரை வளர்க்கலாம். இவன் வளர்க்கிறான். அறுத்துத் தொங்கவிட்டு, காம்பு வளையாமல் பட்டென்று ஒடிகிற பதத்துக்குக் காய்ந்ததும் ஜாடியில் போடுவானாம். நான் பதறிப்போய், "பேரைச் சொல்லாதே, நான் மலேசியாவில் இருக்கேன்" என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் அது கீரை. அவன் கீரைக்கு ஜாடிக்குள் 58 முதல் 62 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். 65-ஐத் தாண்டினால் பூசணம், ரொம்பக் குறைந்தால் வாசனை போய்விடும். பிளாஸ்டிக் பையில் போட்டால் அதிலுள்ள நிலைமின்சாரத்துக்குப் பிசின் பொடியெல்லாம் பையில் ஒட்டிக்கொள்ளுமாம். திறக்கும்போது சிறுநீர் நெடி அடித்தால் ஈரம் மிச்சம் என்று அர்த்தம். பொறியியல் படிக்கும்போது மூன்று பாடத்தில் அரியர் வைத்தவன், ஆச்சிக்கு நிகராகப் பதம் பேசினான்.

கருவி வாங்கினேன். ஜாடிக்குள் போடுவதற்கு முன் சும்மா சமையலறை மேடையில் வைத்துப் பார்த்தேன். 84. தம்பியிடம் சொன்னதும், "அப்போ உன் மிளகாய் மேல தப்பே இல்லைக்கா, உப்பு மேலதான்" என்றான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். கரிசல் காட்டுச் சித்திரைப் பகலில் காற்று அந்த அளவைத் தொடாது. அங்கே மிளகாயைக் காத்த அதே உப்புதான் இங்கே அதை நனைத்துக்கொண்டிருந்தது. உப்பே படாத வேப்பம்பூ ஏன் தப்பித்தது என்பதும் விளங்கியது. வேடு கட்டியதும் தப்புதான். ஊரில் அந்தத் துணி வழியாக ஈரம் வெளியே போகும், இங்கே உள்ளே வரும்.

சரி, ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி இரண்டு வாங்கினேன், ஒன்று பன்னிரண்டு வெள்ளி. தம்பி சொன்னபடி தினமும் திறந்து ஏப்பம் விட வைத்தேன். திறக்கத் திறக்கக் கருவியில் எண் ஏறியது. டொராண்டோவில் ஹீட்டர் ஓடுகிற குளிர்கால வீட்டில் மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறும். பினாங்கில் திறந்தால் வாங்க வாங்க என்று வந்து உட்காரும். அவனுடைய ஊரும் எனக்கு உதவவில்லை.

கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வெயிலில் முக்கால் காய்ச்சல்; மிச்சத்துக்கு ஓவன் அடுப்பில் 60 டிகிரி, கதவிடுக்கில் ஒரு கரண்டியைச் சொருகி, முறத்துச் சத்தம் வரும் வரை. ஜாடியைத் திறப்பதென்றால் ராத்திரி ஏசி போட்ட படுக்கையறையில் மட்டும். அடியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரம் கூடினால் இழுத்தும் குறைந்தால் விட்டும் சமன் செய்கிற பொட்டலம் ஒன்று தம்பியிடம் இருக்கிறது, அது கீரைக்குத்தான். மிளகாய்க்கு எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நல்லது. ஒன்பதரை மணிக்கு வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "மிளகாய்க்கு ஏசி போடறதுக்கு நான் பாயான் லெப்பாஸ்ல ஷிப்ட் பார்க்கணும்" என்பார். இந்த வருடத்து மிளகாய் ஏழு மாதமாகக் கலகலவென்று இருக்கிறது. தயிர்ச்சோற்றுக்கு வறுத்தால் வீடே இருமுகிறது.

ஆச்சியின் ஜாடி சும்மா இல்லை. ஈரப் பொருளுக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. அதில் ஆவக்காய் போட்டு, மேலே இரண்டு விரற்கடை நல்லெண்ணெய் நிற்க வைத்திருக்கிறேன். வேடு கட்டாமல் இருக்கக் கை கேட்கவில்லை, கட்டியிருக்கிறேன். முடிச்சு அவிழ்க்கும்போது வருகிற எண்ணெய் வாடையில் ஒரு நிமிடம் ஊர்வீட்டு முன்கூடமான தார்சாவில், குடையும் கையுமாக இருப்பேன். குக்கர் விசில் வந்துதான் இழுத்துக்கொண்டு வரும்.

வேப்பம்பூவையும் கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிட்டேன். பெரிதாக, தமிழிலும் மலாயிலும் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். காவலாளிப் பையனுக்கு ஒரு சின்னப் பாட்டில் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வீடியோ கால். கோவில்பட்டியிலிருந்து சித்தி, டொராண்டோவிலிருந்து தம்பி, இங்கே நான். நான் பெருமையாக என் ஜாடிகளை வரிசையாகக் காட்டினேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தாள், என்னுடையதை அல்ல. தம்பியின் தலைக்குப் பின்னால் அலமாரிக் கதவு திறந்து கிடந்தது.

"ஏலே, நீயும் வேப்பம்பூ போட்டிருக்கியா? அந்த ஊர்ல எங்க கிடைச்சுது? நல்லா பச்சை மாறாம காஞ்சிருக்கே. அடுத்த தரம் வரும்போது எனக்கு ஒரு பாட்டில் கொண்டா, ரசம் வைக்கணும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் நெட் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன்.